மூக்குடைந்த மருந்துச் சட்டி

கெலோனா,
ஆகஸ்ட் 2

அன்புள்ள லாய்குவான்,

தொலைபேசியில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

மூன்று வாரமாக மலைக்காடு எரிகிறது. ஏரியின் எதிர்க்கரை தெரியவில்லை. நடுப்பகலில் சூரியன் உப்பில் ஊறிய முட்டையின் கரு மாதிரி சிவந்து நிற்கிறது. அப்பா விட்டுப்போன பேரிக்காய்த் தோட்டத்தில் இலைக்கு இலை சாம்பல். பழங்கள் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் பழுத்துக்கொண்டிருக்கின்றன.

எனக்கு வறட்டு இருமல். மருத்துவர் பார்த்துவிட்டு, நுரையீரலில் கோளாறில்லை, வெளியே போகாதே என்றார். அறுவடை நேரத்தில் தோட்டக்காரன் எங்கே உட்காருவது? உன் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மூலிகை கட்டிக் கொடுப்பாயே, எனக்கும் ஒரு பொட்டலம் உண்டா?

ஃபுங் அத்தை உன்னை விசாரித்தாள். "உன் பொண்டாட்டி ரெண்டு வருஷமா வான்கூவர்ல என்னத்தைத்தான் நிறுத்துக்கிட்டே இருக்கா? தராசு உடைஞ்சிருச்சா?" என்றாள்.

டக்மிங்


வான்கூவர்,
ஆகஸ்ட் 6

டக்மிங்குக்கு,

பொட்டலம் இத்துடன் வருகிறது. நுரையீரலுக்கு வறட்சி ஆகாது. புகை செய்வது அதைத்தான். உலர்ந்த லில்லிக் கிழங்கும் வெள்ளைக் காளானும் வைத்திருக்கிறேன். உன் தோட்டத்துப் பேரிக்காய் ஒன்றைத் தோலோடு நறுக்கிப் போட்டு, கற்கண்டு சேர்த்து, சிறு தீயில் ஒரு மணி நேரம் விடு. வெதுவெதுப்பாகக் குடி. ஜன்னலைச் சாத்து. முகக்கவசம் இல்லாமல் மரத்தடிக்குப் போகாதே. மூச்சு வாங்கினால் இதை நம்பி உட்கார்ந்திருக்காமல் மருத்துவமனைக்குப் போ.

உன் வீட்டில் இரும்புச் சட்டிதான் இருக்கும். உலோகத்தில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். என்னுடைய மண்சட்டியை அனுப்புகிறேன். கல்யாணமான வருஷம் நீ இடித்து அதன் மூக்கை உடைத்தாயே, அதேதான். கடனாகத்தான் தருகிறேன்.

நுரையீரலில்தான் துக்கம் குடியிருக்கும் என்று எங்கள் சீன வைத்தியப் படிப்பில் சொல்வார்கள். அதற்கு என் கடையில் பொட்டலம் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன்.

அத்தையிடம் தராசு நன்றாக இருக்கிறது என்று சொல்.

லாய்குவான்


கெலோனா,
ஆகஸ்ட் 14

அன்புள்ள லாய்குவான்,

இருமல் குறைந்திருக்கிறது. மருந்தாலா, நீ எழுதியதாலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கடன் என்று எழுதியிருந்தாயே என்று சட்டியைக் கழுவி, காயவைத்து, பெட்டியில் கட்டி அஞ்சலகத்துக்குக் கொண்டுபோனேன். வரிசையில் நிற்கும்போது அத்தை பார்த்துவிட்டாள். "என்னடா அது?" என்றாள். சொன்னேன். "அடக் கிறுக்குப் பயலே, கீழ வைடா. மருந்துச் சட்டியைத் திருப்பிக் கொடுத்தா நோயையும் சேத்துக் கொடுத்த மாதிரி. எவனாவது அனுப்புவானா? தேவைப்படும்போது சொந்தக்காரியே வந்து எடுத்துக்கணும்."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பயந்து, "பெட்டிக்குள்ள ஆபத்தான பொருள் ஏதும் இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு. அவன் புத்தி" என்று அத்தை சொல்லிவிட்டுப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

நான் இந்த ஊரில் பிறந்தவன், எனக்குத் தெரியாது. மருந்துக்கடை நடத்தும் உனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் அனுப்பினாயா? இதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டே பழம் பறிக்கிறேன்.

சட்டி இப்போது சாப்பாட்டு மேசையில், நீ உட்காரும் பக்கத்தில் இருக்கிறது. உடைந்த மூக்கு என்னைப் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறேன். இரண்டு வருஷம் முன்பு, தோட்டமா நானா என்று நீ கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. அன்று எனக்கு இருமல்கூட இல்லை.

உனக்கு உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். முழு மனசோடு வேண்ட முடியவில்லை. மன்னித்துவிடு.

உன்
டக்மிங்


வான்கூவர்,
ஆகஸ்ட் 20

அன்புள்ள டக்மிங்,

உங்கள் புகை கடலுக்கு வந்துவிட்டது. துறைமுகத்துக் கப்பல்கள் தெரியவில்லை. எங்கள் சூரியனும் இப்போது உப்பு முட்டைதான். கடையில் கூட்டம். எல்லோருக்கும் லில்லிக் கிழங்கு நிறுத்துக் கொடுக்கிறேன். நான்கு நாளாக எனக்கும் இருமல்.

தெரிந்துதான் அனுப்பினேன். கட்டி முடித்த பிறகு இரண்டு முறை பிரித்தேன்.

என்னோடு வேலை செய்யும் சிட்லிங் நேற்று, "அலமாரியில பன்னிரண்டு சட்டி புதுசா இருக்கே, ஒண்ணை எடுத்துக் காய்ச்சிக் குடிக்க வேண்டியதுதானே?" என்றாள். "அதெல்லாம் விக்கிறதுக்கு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கடைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை பேருந்தில் வருகிறேன். நாலு மணிக்கு வந்து சேரும். கீழ்க்கிளையில் கொஞ்சம் பழம் பறிக்காமல் விட்டுவை.

சட்டியை எடுத்துக்கொள்ளத்தான் வருகிறேன் என்று அத்தையிடம் சொல். இது நாள்பட்ட இருமல், இரண்டு வருஷத்துப் பழசு, சீக்கிரத்தில் தீராது என்பதையும் சொல்லிவிடு.

உன்
லாய்குவான்