கறுப்பு வெள்ளையில் வந்த பனிச்சறுக்கு

அன்புள்ள அப்பா,

நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? போனில் பேசினால் அழுதுவிடுவேன்; அதனால் வீடு தூங்கியபின் எழுதுகிறேன். மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை.

நான் வாடகைக்குத் தங்கியிருக்கும் வீட்டின் போர்கில்ட் அம்மாளுக்கு அவர் மகன், இணையம் வழியே டிவி பார்க்கும் ஸ்ட்ரீமிங் பெட்டி அனுப்பியிருந்தார். பழைய டிவியில் அதைச் செருக இடமில்லை. புதுப் பெட்டியின் படத்தைப் பழைய டிவிக்கு ஏற்ப மாற்றித் தரும் ஒரு மாற்றுப் பெட்டியைக் கடையில் வாங்கி நான்தான் இணைத்தேன். படம் கறுப்பு வெள்ளையில் வந்தது.

“பனி வெள்ளைதானே, பரவால்ல பொண்ணே” என்று அம்மாள் சிரித்தபடி, காபிக்கு வந்த தோழிகளோடு பனிச்சறுக்குப் போட்டி பார்த்தார். எல்லா உடையும் சாம்பல் நிறம். நம் நார்வே ஆள் என்று நினைத்துக் கடைசிவரை ஒரு ஸ்வீடன்காரனுக்குக் கைதட்டிவிட்டார்!

தோழிகள் போனதும், “என் மானமே போச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம போட்டிக்குள்ள கலர் வரலேன்னா, வேற ரூம் பாத்துக்க” என்றார்.

வேறு அறை கிடைக்காது அப்பா. பள்ளியை விட்டுத் தீவுக்கே திரும்ப வேண்டியதுதான்.

மாற்றுப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு குட்டி விசை இருக்கிறது; அது டிவிக்குப் பொருந்தாத பக்கம் இருந்தால் நிறம் வராது என்று அதனுடன் வந்த தாளில் போட்டிருக்கிறது. இருக்கிற படமும் போய்விடுமோ என்று தொடப் பயமாக இருக்கிறது. வீட்டில் விட்டுவந்த என் கம்பளிக் காலுறையைச் சனிக்கிழமைப் படகில் நீங்களே கொண்டுவர முடியுமா? நீங்கள் பக்கத்தில் நின்றால் விசையை நானே தள்ளிவிடுவேன்.

படியில் காலடி கேட்கிறது. விளக்கை அணைக்கிறேன்.

மாரித்