ஹெல்மெட்டுக்குள் வைத்த லென்ஸ்

கோட்டி கடைத்தெருவில் கேமரா பழுது பார்க்கும் கடைக்காரர் இன்று காலை என் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் முன்னால் பாதுகாப்புக்கு மாட்டிய கண்ணாடி, யூவி ஃபில்டர், விரிசல் விட்டு, வளையம் நசுங்கி, கழற்ற வராமல் இறுகிக் கிடக்கிறது. "லென்ஸ் பச் கயா, சாப்!" என்று சிரித்தார். லென்ஸ் பிழைத்துவிட்டதாம். நல்ல செய்தி சொன்னதாக அவருக்கு நினைப்பு. கழற்ற வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உனக்குத்தான் இந்த ஃபில்டரைக் கண்டாலே ஆகாதே! "நக்கோடா, வேணாம். நல்ல லென்ஸ் முன்னாடி மட்டமான கண்ணாடியை மாட்டிட்டு, படத்துல வெளிச்சம் சிதறுதுன்னு புலம்புறே. வேலை இருந்தா மாட்டு, பயத்துக்கு மாட்டாதே" என்பாய். உன் பையில் போலரைசர் மட்டும்தான் இருக்கும். மாதாப்பூரில் நம் ஆபீசுக்கு வெளியே சாய்வாக நின்று அதன் வளையத்தை நீ மெல்லத் திருப்பியதும், கண்ணாடிச் சுவரில் மின்னிய வானம் மறைந்து, உள்ளே நம் மேனேஜர் கொட்டாவி விடுவது தெரிந்தது. "பாத்தியா, இது ஃபில்டர்!" என்று குதித்தாய். நானும் சிரித்தேன். ஆனாலும் என் யூவியை நான் கழற்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரியில் பறவைகளைப் படமெடுக்க என் பெரிய லென்ஸைக் கேட்டு வந்தாய். அதன் பை கிழிந்திருந்தது. "ஏலே, ஒரு கீறல் விழுந்துச்சு, உன்ன உயிரோட விடமாட்டேன், பாத்துக்க" என்றேன். பாழாய்ப்போன வாய்.

நீ தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினாய். லென்ஸைத் துண்டில் சுற்றி அதற்குள் வைத்து, வாரை இறுக்கி, முழங்கையில் மாட்டிக்கொண்டு பைக்கை உதைத்தாய். "ஹவ், சரிடா, இப்ப நிம்மதியா?"

"இப்பதாம்லே நிம்மதி" என்றேன். கேட்டருகே நின்று, தெருமுனை திரும்பும்வரை பார்த்தேன். உன்னை அல்ல, லென்ஸை.

கச்சிபௌலி திருப்பத்தில் ஒரு பஸ். அன்று மட்டும் உனக்கு ஏனடா அவ்வளவு கீழ்ப்படிதல்? மற்ற நாளெல்லாம் நான் சொன்ன எதைக் கேட்டாய்?

போலீஸ் ஸ்டேஷனில் ஹெல்மெட்டை என்னிடம்தான் கொடுத்தார்கள். துண்டும் லென்ஸும் உள்ளேயே இருந்தன. இரண்டையும் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு, வெறும் ஹெல்மெட்டை உன் அம்மாவிடம் கொடுத்தேன். த்தூ, நானும் ஒரு மனுஷன்!

கோட்டியிலிருந்து இன்று நேரே உன் வீட்டுக்குத்தான் போனேன். ஹெல்மெட்டை ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார்கள். தினமும் துடைப்பார்கள் போல. அம்மா காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள்.

"இது நல்லாத்தானேப்பா இருக்கு. தலையில போடாம ஏன் கையில மாட்டிக்கிட்டுப் போனான்? உன்கிட்ட ஏதாச்சும் சொன்னானா?"

மடியில் என் பை இருந்தது. அதற்குள் லென்ஸ் இருந்தது.

"தெரியலம்மா" என்றேன்.