நீனோ கப்பலில் ஏறிவிட்டான்

அன்புள்ள சிஞ்ஞோரா,

மொண்டெல்லோவில் நான் இப்போது வேலை செய்யும் வீட்டில் இன்று ஆப்பிள் கேக் சுட்டோம். அடுப்பைத் திறந்ததும் அந்த இனிப்பு மணம் சமையலறை முழுவதும் பரவியது. தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் வீட்டில் ஒரு நாளும் வராத மணம் அது.

பலேர்மோ நகரின் கால்சாவில் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது உங்கள் வீடு. உங்களைப் பார்த்துக்கொள்ள நான் வந்தபோது உங்களுக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது. வந்த புதிதில் ஓர் ஆப்பிளைத் தோல் சீவி, துண்டுகளாக வெட்டிக் கொண்டுவந்து வைத்தேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். "அவ அதைத் தொடவே மாட்டா, சாந்தி," என்றார் உங்கள் மகள். "ஏனெண்டு எனக்கும் தெரியாது."

மகளுக்குத் தெரியாதவை நிறைய இருந்தன. நீங்கள் நியூயோர்க்கில் பிறந்தவர், சிறு வயதிலேயே பெற்றோருடன் பலேர்மோவுக்குத் திரும்பிவிட்டவர் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்களாம். மருந்துக்கடை வேலை முடிந்து மாலையில் வருவார், குளிசைகளைச் சரிபார்ப்பார், உங்கள் இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டுவிட்டுப் போய்விடுவார். உங்கள் இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு மேசை கிடப்பதுபோல் எனக்குத் தோன்றும்.

மதிய வேளைகள் நம்முடையவை. வெயிலுக்காக யன்னல்களின் பச்சைப் பலகைகளைச் சாத்தினால், அறை கடலுக்கு அடியில் இருப்பதுபோல் ஆகிவிடும். கூரையில் வெளிச்சம் மெல்ல அசையும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருப்பீர்கள். நான் பக்கத்தில் இருந்து துணி மடிப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில் இத்தாலிய மொழி உங்களைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் கரண்டியின் பெயர் போனது, பிறகு என் பெயர், பிறகு உங்கள் மகளின் பெயர். ஒரு மதியம், கண்ணை மூடியபடியே வேறு ஏதோ பேசத் தொடங்கினீர்கள். சிசிலியப் பேச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். உற்றுக் கேட்டபோது ஆங்கிலம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நான் விட்டுவிட்ட ஆங்கிலம். ஒரு சின்னப் பிள்ளையின் குரலில் நீங்கள் சொன்னீர்கள்: "அப்பா தொப்பியை இழுத்து முகத்தை மூடுறார்."

அதன் பிறகு மதியந்தோறும் அந்த ஊருக்குப் போய்வந்தோம். உங்கள் அப்பா உயரமான கட்டடங்களுக்குச் செங்கல் சுமந்தவர். அவ்வளவு உயரத்துக்குப் போகிறவர் மேகத்தையும் அவர்தான் அடுக்கிவைக்கிறார் என்று நீங்கள் நம்பியிருந்தீர்கள். பிறகு ஒரு நாள் வேலை நின்றது. அப்பாவுக்கு மட்டுமல்ல, தெரு முழுக்க, நாடு முழுக்க. வங்கிகள் கதவைச் சாத்தின. பாதியில் விட்ட கட்டடங்களுக்குள் புறாக்கள் குடியேறின. அப்பா ஒரு பெட்டி ஆப்பிளோடு தெருமுனையில் நின்றார். அந்தத் தெருமுனையில் அவரைப்போலவே இன்னும் எத்தனையோ அப்பாக்கள், எல்லோரிடமும் ஆப்பிள். நீங்கள் உங்கள் பாவாடையால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொடுத்தீர்கள். தெரிந்தவர்கள் வந்தால் அப்பா தொப்பியை இறக்கிவிடுவார். அடிபட்டு விலைபோகாத ஆப்பிள்கள்தான் இரவுச் சாப்பாடு.

இதை உங்கள் மகளிடம் சொன்னபோது அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உங்களையே பார்த்தார். அது ஆங்கிலம் என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது பிரெஞ்சு. "இவ்வளவு காலமும் ஒருக்காக்கூடச் சொல்லேல்லை," என்றார்.

பிறகு உங்கள் பேச்சில் ஊர் திரும்பும் கப்பல் வந்தது. நீங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடிக்குப் போய் நிற்கத் தொடங்கினீர்கள். சாப்பிட மறுத்தீர்கள், படுக்க மறுத்தீர்கள். பிடித்து இழுத்தால் அழுதீர்கள். நாளுக்கு நாள் உடம்பு வற்றியது. முதியோர் இல்லத்தில் சேர்த்துக் குழாய் வழியாக உணவு கொடுக்கலாம் என்றார் மருத்துவர். அதற்கான ஏற்பாடுகளைக் கேட்டறிந்துவிட்டு, ஒரு மழைநாளில் குடையில்லாமல் நனைந்துகொண்டு வந்தார் உங்கள் மகள். நீங்கள் அப்போதும் கதவடியில்தான் நின்றீர்கள்.

"என்னதான் சொல்லுறா?" என்று என்னிடம் கேட்டார்.

"நீனோ இன்னும் ஏறேல்லையாம். ஏணியை எடுக்க வேண்டாமாம்."

அவர் முகம் மாறியது. நீனோ உங்கள் அண்ணன். ஊர் திரும்பும்போது, ஒரு வாயாவது குறையட்டும் என்று, அங்கே சித்தப்பாவின் வெதுப்பகத்தில் அவனை விட்டுவிட்டு வந்தார்கள். அடுத்த வருடம் வந்துவிடுவான் என்றார்கள். வேலையும் இல்லை, வழியும் இல்லை. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. உங்களை மறுபடி பார்க்காமலே நீனோ அங்கேயே இறந்துபோனார். மற்றதெல்லாம் உங்கள் மதியப் பேச்சிலிருந்து நான் கோத்தது; மகளுக்குத் தெரிந்தது சுவரில் தொங்கிய படமும், அவர் அங்கேயே இறந்தார் என்பதும் மட்டும்தான்.

"நீனோ ஏறீட்டான் எண்டு சொன்னால் படுப்பா," என்றேன்.

"அது பொய்யெல்லோ சாந்தி?"

"ஓம். ஆனா அவ இப்ப கப்பலிலை நிக்கிறா. கப்பல் வெளிக்கிடப் போகுது."

அவர் சுவரில் இருந்த நீனோவின் படத்தைப் பார்த்தார். பிறகு, "ஆங்கிலத்திலை எப்பிடிச் சொல்லுறது? நானே சொல்லுறன்," என்றார். சமையலறையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். தப்பித் தப்பிச் சொன்னார். நாக்கு சிசிலியை விட்டு வர மறுத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிறகு உங்கள் முன்னால் போய் நின்று, "நீனோ கப்பலில் ஏறிவிட்டான்," என்றார்.

நீங்கள் அழுகையை நிறுத்தினீர்கள். "எங்கை?" என்றீர்கள்.

அதற்குப் பதில் நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. உங்கள் மகள் உங்கள் கையைப் பிடித்து, குனிந்து, தன் தலையில் வைத்தார். நீங்கள் அந்த முடியைத் தடவிப் பார்த்தீர்கள்.

"நல்லா நனைஞ்சு போனாய் நீனோ," என்றீர்கள். "கடல் தண்ணி."

உங்கள் கோட்டின் ஓரத்தால் அவர் தலையைத் துவட்டினீர்கள். அவர் நிமிரவில்லை. நீங்கள் துவட்டி முடிக்கும்வரை குனிந்தபடியே இருந்தார். அன்று அவர் ஊட்டிய சூப்பை முழுவதும் குடித்தீர்கள். இல்லத்தைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை.

வசந்தத்தில், ஒரு மதியத் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். அடக்கம் முடிந்து வெளியே வரும்போது உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் சின்னனாய் இருக்கேக்கை அம்மா என்ரை தலையைத் தடவினதா நினைவில்லை. அண்டைக்குத்தான். ஆருக்கெண்டு நினைச்சுத் தடவினாலும் பரவாயில்லை, என்ரை தலைதானே."

இங்கேயே பிறந்த என் மகளுக்கு இந்தக் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். நான் தமிழில் கேட்டால் இத்தாலிய மொழியில் பதில் சொல்கிறவள் அவள். கேட்டுக்கொண்டிருந்தவள், சிரமப்பட்டுச் சொற்களைத் தேடித் தமிழில் கேட்டாள்:

"மம்மா, நீங்கள் வயசு போனபிறகு ஆரைத் தேடுவீங்கள்? இப்பவே சொல்லுங்கோ. எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

ஊரில் போரில் காணாமல் போன ஒருவன் எனக்கு இருக்கிறான், சிஞ்ஞோரா. அவனைப் பற்றி நானும் வீட்டில் பேசியதில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவேன். அன்று எழுந்து போகவில்லை. என் தம்பியின் பெயரை முதல் தடவையாக அவளுக்குச் சொன்னேன். அவள் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் தரம் சரியாக வந்தது.