163-இல் மிச்சம் 83

1958 ஜூலை 7, திங்கள்

விடாத மழை. குடைக்கம்பி ஒன்று போயிற்று. பஜார் ரோடு முழுக்க நனைந்த சாக்கு, சுக்கு வாசனை.

மாலை வெங்கிடி வீடு. படகுத்துறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவர் காலில் மாவுக்கட்டு. பொழுது போக நான் கொடுத்த எண் 104729. இரண்டு பகா எண்களை நானே பெருக்கிச் செய்தது. அவை எவை என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். கல்லூரி நாளிலிருந்து எங்கள் விளையாட்டு. அவர் தோற்றதே இல்லை.

ஸ்லேட்டில் ஒவ்வொன்றாக வகுத்து 200 தாண்டிவிட்டார். விடையில் சின்னதோ 163. மனசு கேட்காமல், 163 போட்டீரா என்றேன்.

"போட்டேனே. மிச்சம் 83."

மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் 83. முகம் சிறுத்துவிட்டது.

"தலை போயாச்சு ஓய். வகுக்கக்கூட மறந்துடுத்து."

நான் மறுக்கவில்லை. ஸ்லேட்டை வாங்கிப் பார்க்கவும் இல்லை. பரிதாபப்பட்டேன். உள்ளே கொஞ்சம் பெருமையும்.

புறப்படும்போது அவர் மனைவி ஜானகி அம்மாளிடம், அவருக்குப் பழைய ஓட்டம் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். யார் கேட்டார்கள்?

ஜூலை 9, புதன்

எறணாகுளம். பிராட்வேயில் புதுக் கண்ணாடி. திரும்பும்போது துறையில் சாயா.

காய்கறிக் கடையில் ஜானகி அம்மாள். பம்பாயிலுள்ள மகனுக்கு எழுதிவிட்டாராம். ஸ்லேட்டையும் ஒளித்து வைத்துவிட்டாராம். "கட்டுப் பிரிச்சதும் அவன் வந்து அழைச்சுண்டு போயிடுவான். இனிமே அவரைத் தனியா படகுல விட முடியுமோ? நல்ல வேளை, நீங்க சொன்னேள் அண்ணா."

தலையாட்டினேன். வேறென்ன செய்தேன்?

ஜூலை 10, வியாழன்

மழை. பல்வலி. புதுக் கண்ணாடியோடு, நான் பெருக்கிப் பார்த்த பழைய தாளைத் தேடி எடுத்தேன். 643 × 163. ஆறால் பெருக்கிய வரி 3858. கடைசி எட்டைக் கூட்டும்போது பூஜ்யமாகப் படித்திருக்கிறேன். சரியான விடை 104809. நான் கொடுத்தது வேறு எண்.

104729-ஐ இரண்டிலிருந்து ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்தேன். 163-இல் மிச்சம் 83. அவர் சொன்னதேதான். 317 வரை எதற்கும் அடங்கவில்லை. அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. 324-இன் வர்க்கமே எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே அதுவே பகா எண். பிரிக்க முடியாததைக் கொடுத்தேன். பிரிக்கவில்லை என்று அவருக்குப் புத்தி மங்கிவிட்டதாகச் சொன்னேன்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

தூறல். குடை இன்னும் கடையில். நனைந்துகொண்டே போய்ச் சொல்லிவிட்டேன், வெங்கிடியிடம்.

தாளை நெடுநேரம் பார்த்தார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கத்தை காலண்டர் தாள் எடுத்தார். ஸ்லேட் போன பிறகு அவற்றின் முதுகில் 317 வரை முடித்திருக்கிறார். எல்லாம் சரி. ஒன்றும் அடங்காததால் எல்லாமே தப்பு என்று நினைத்து ஒளித்து வைத்தாராம்.

திட்டுவார் என்று நின்றேன். சிரித்தார். அதைத் தாங்குவது இன்னும் கஷ்டம்.

"எங்கிட்ட சொன்னா போறாது ஓய். அவகிட்ட போய்ச் சொல்லும்."

அடுக்களை வாசல். ஜானகி அம்மாள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டார். போதும் என்றேன்.

உள்ளேயிருந்து வெங்கிடி குரல்: "சொன்னாராடீ?"

ஜானகி அம்மாள் என்னைப் பார்த்தார்.