வாணி பிடித்து வைத்த பேக்கேஜ்

ஒக்டோபர் 14

பி.ப. 3.20க்கு ரமீஸின் போன். மழை வரப் பார்த்தது. கொடியில் துணி.

வாணியின் ஒபிஸ் கொம்பியூட்டர், அவள் போனதிலிருந்து மூடிக் கிடந்தது. இனி அது ரமீஸுக்காம். வியாழன் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போடப் போகிறார்களாம்.

“லினக்ஸ் அப்கிரேட் பாதியில நிக்குது அண்ணா. அக்கா இருந்தா செஞ்சிருப்பா. துடைக்க முதல் நீங்க ஒருக்கா வந்து பாக்கிறீங்களா?”

அக்காவாம். கிண்ணியாப் பொடியன். துறைமுகப் பக்கத்துக் கப்பல் முகவர் ஒபிஸில் அவளுக்குப் பக்கத்துக் கதிரை. புருஷன் நான் கட்டாரில் கொம்பியூட்டர் வேலையில் இருந்த காலம் முழுக்க அவன் அங்கே. நான் வந்து சேர்ந்தது அவளுடைய செத்தவீட்டுக்கு.

துணி நனைந்தது. எடுக்கவில்லை.

ஒக்டோபர் 15

போனேன். அவளுடைய கதிரையில் அவன். எழும்பித் தந்தான். சூடாக இருந்தது.

பிழை இதுதான்: கப்பல் பத்திரங்களுக்கான புது மென்பொருள் ஒரு லைப்ரரியின், அதாவது துணைக் கோப்பின், புதிய பதிப்பைக் கேட்கிறது. ஏற்கெனவே உள்ள இன்னொரு மென்பொருள் பேக்கேஜ் பழையதைத்தான் கேட்கிறது. இரண்டும் ஒன்றாக நிற்க ஏலாது. அந்த இன்னொன்று அப்டேட் ஆகாதபடி ஹோல்ட் போடப்பட்டிருக்கிறது.

பெயரைப் பார்த்தேன். நானும் அவளும் வீடியோவில் கதைத்த கோல் அப். கட்டாரில் மற்றதெல்லாம் தடை, இது மட்டும் எடுத்தது. மத்தியானத்தில் இதில்தான் வருவாள். பாதியில் நின்ற அப்கிரேட்டால் இப்போது திறக்கவே இல்லை.

“தெரியாதா அண்ணா? புது வேர்ஷன் உங்கட பழைய போனுக்கு எடுக்காதாம். அதான் அக்கா பூட்டி வச்சவ. ‘இதில கை வச்சாக் கொன்னுபோடுவன்’ எண்டு எனக்குச் சொன்னவ.”

எனக்குச் சொல்லவில்லை. தானாக வேலை செய்கிறது என்று நினைத்திருந்தேன்.

“நீங்க கதைக்கிற நேரம் நான் வெளிய போயிருவன். திரும்பி வந்தா அக்காட புட்டில பாதி எனக்கு.”

எனக்குத் திரையில் முகம். இவனுக்குப் புட்டு.

செத்தல் மிளகாய் வாங்க மறந்தாச்சு.

ஒக்டோபர் 16

வெயில். ஒரு வரி வேலை. ஹோல்டை எடுத்து, பழைய அப்பைக் கழற்றினால் அப்கிரேட் ஓடும். வரியை அடித்தேன். என்டர் தட்டவில்லை.

“அழிச்சிருங்க அண்ணா. இனி அது ஆருக்கு?”

நியாயம்தான். அறையலாம் போல இருந்தது.

அழிக்கவில்லை. அப்பையும் அதன் பழைய லைப்ரரியையும் ஒன்றாகத் தனி அறை மாதிரி ஒதுக்கி வைத்தேன். வெளியே புதியது. ஒன்றுக்கொன்று தெரியாது. அப்கிரேட் பிழையில்லாமல் ஓடியது. இனித் துடைக்க மாட்டார்கள்.

ரமீஸ் ரோல்ஸ் நீட்டினான். வேண்டாம் என்றேன். பசித்தது.

ஒபிஸில் அவள் எதற்குச் சிரிப்பாள் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அவன் சொல்லுவான். கேட்கவில்லை.

ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமலே வந்துவிட்டேன். கொம்பியூட்டரைப் போட்டதும் அப் தானாகத் திறக்கும், அவள் வைத்தபடியே.

ஒக்டோபர் 17

காலை. மூட்டம். தேத்தண்ணி, சீனி இல்லை.

மேசையில் என் பழைய போன் சத்தம். கோல் அப். வாணியின் படம், பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஒன்லைனில் இருக்கிறாள்.

ரமீஸ் ஒபிஸைத் திறந்திருப்பான். கொம்பியூட்டரைப் போட்டிருப்பான். அவ்வளவுதான். நான் செய்த வேலை.

தேத்தண்ணி ஆறிவிட்டது. இனித் தினமும் அவன் போட்டால் வருவாள். அவன் அணைத்தால் போவாள்.

ரமீஸ் கோல். “அண்ணா, அக்காட அப் தானாத் திறந்திருக்கு. மூடி விடட்டா?”

“கை வச்சாக் கொன்னுபோடுவன்.”

சிரித்தான். “அப்படியே அக்கா மாதிரி.”

அவனுக்குத்தான் தெரியும்.

பின்னேரம் ஒபிஸ் மூடும் நேரம் வருகிறது. பச்சை இன்னும் இருக்கிறது. அவன் அணைக்க முதல் நான் போனை அணைத்துவிட்டேன்.