மஞ்சள் புள்ளி

வெள்ளிக்கிழமை, வெள்ளவத்தை

டொக்டரின் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஒயில் கூலர் பைப்புகளைக் கழற்றி, துரு நீக்கித் திரும்பப் பூட்டினேன். ஒவ்வொரு நட்டையும் இறுக்கிய பிறகுதான் அதில் மஞ்சள் பெயின்டால் ஒரு புள்ளி வைப்பேன்.

"தம்பி, உந்தப் புள்ளியள் வடிவில்லை. துடைச்சு விடும்," என்றார் டொக்டர். துடைத்தேன். பின்னேரம் அவர் கண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. அடி நட்டை இறுக்கினேனா? நினைவே இல்லை. அது கழன்றால் ஒயில் முழுவதும் ரோட்டில்தான். ஏற்றத்தில் எஞ்சின் இறுகிவிடும். திரும்பத் திரும்பப் போன் அடித்தேன். அவர் எடுக்கவில்லை. சோறு கோப்பையிலேயே காய்ந்தது.

இப்போதுதான் அவரே அடித்தார். "கண்டிக்கு வந்து பொனட்டைத் திறந்து பாத்தனான். என்ன தம்பி, அடி நட்டில ஒரு புள்ளியைத் துடைக்காம விட்டிட்டீர்?" என்று ஏசினார்.

"நன்றி டொக்டர்," என்றேன். அவருக்கு விளங்கவில்லை.