சோளக்காட்டுக்குள் அப்பா

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கிக்கொண்டிருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே எல்லாரும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை, அவ்வளவு அலுப்பு, ஆனால் பதறும்படி ஒன்றும் இல்லை, அதனால் வாசலில் நின்றபடியே படிக்காமல் உட்கார்ந்து நிதானமாகப் படி. என் இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. உன் அண்ணனுக்கு லாரி ஓட்டம் அதிகம், வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் தூங்கிவிடுகிறான். அண்ணிக்கு ஏழு மாதம் ஆகிறது, காலெல்லாம் வீங்கிக் கிடக்கிறது, குனிந்து நிமிர்கிற வேலையெல்லாம் என் தலையில். பின்கட்டுக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது, குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிவிட்டது.

சோளக்காட்டைப் பற்றி எழுதும்படி கேட்டிருந்தாய். கதைகளில் சோளக்காடு எப்படியெல்லாம் வருகிறது என்று நீ ஆராய்ச்சி செய்வதைப் பக்கத்து வீட்டுத் தையற்காரியிடம் சொன்னேன், அதற்கு அவள், இங்கேயே நிற்கிற சோளத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்டாள். நீ அனுப்பிய கதைகளை அண்ணி சாயங்காலங்களில் எனக்குப் படித்துக் காட்டினாள். ஒன்றில் காதலர்கள் உள்ளே ஓடுகிறார்கள், ஒன்றில் போனவன் வரவே இல்லை, ஒன்றில் பேய் உட்கார்ந்திருக்கிறது. யார் யாரோ உள்ளே போகிறார்கள், களை எடுக்கத்தான் ஒருத்தரும் போகக் காணோம். தோகை கழுத்தை அறுக்கும், பூத்தூள் வேர்வையில் ஒட்டி உடம்பெல்லாம் அரிக்கும், காற்று துளியும் நுழையாது. அதற்குள் போய்க் காதல் பண்ணுகிறவர்களுக்கு அது நிஜமாகவே பெரிய காதலாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒன்றைச் சரியாக எழுதியிருக்கிறார்கள். உள்ளே நாலு எட்டு வைத்தால் ஆள் காணாமல் போய்விடலாம்.

அது எங்களுக்கு வேறு விதமாகத் தெரியும். கலவரக் காலத்தில் படைக்காரர்கள் வீடு வீடாக வந்து இளவட்டங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள், ஏறினவர்கள் திரும்பியதில்லை. வண்டி வருகிறது என்றால் தெருவில் இருக்கிற ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் சோளத்துக்குள். அவர்களுக்கெல்லாம் காதாக இருந்தவர் உன் அப்பா. காற்றில் தோகை உரசுகிற சத்தம் வேறு, நாய் புகுந்தால் வருகிற சத்தம் வேறு, ஆள் சோளத்தட்டையை ஒதுக்கிக்கொண்டு நடக்கிற சத்தம் வேறு. அவர் கையைத் தூக்கினால் எல்லாரும் மூச்சடக்கிப் படுத்துவிடுவார்கள். அந்த வருஷம் கதிர் முற்றிக் காய்ந்து நின்றும் யாரும் அறுக்கவில்லை. அறுத்தால் ஒளிய இடம் ஏது? வீட்டில் பானை காலி, எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் சோளம், தொடக்கூடாது. எலி தின்றது, மழையில் முளைத்தது, நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். அதற்கப்புறம்தான் அப்பாவுக்குப் பாம்புக்காது என்று பேர் வந்தது, இன்றைக்கும் டீக்கடையில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இதை உன் ஆராய்ச்சியில் சேர்ப்பாயோ மாட்டாயோ, எனக்குத் தெரிந்தது இதுதான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் அறுப்பு. இந்த வருஷம் புழு பாதியைத் தின்றது போக மிச்சம் இருந்ததற்கு அறுப்பு மெஷின் சொல்லியிருந்தோம். சாயங்காலம் வருகிறேன் என்ற மெஷின்காரர் மத்தியானமே வந்து இறங்கிவிட்டார், அடுத்த காட்டுக்கு அவசரமாம். நான் தூக்கில் டீ ஊற்றிக்கொண்டு போகும்போது ரோட்டோரம் கொஞ்சம் அறுத்தே முடித்திருந்தார். வரப்பில் அப்பாவின் செருப்பு கிடந்தது. காலையில் காட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர். இன்னும் உள்ளேதான் இருக்கிறார். மெஷின்காரர் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறார், நான் கத்துவது அவருக்கு எட்டவில்லை, முந்தானையை வீசிக்கொண்டு நேரே போய் மெஷினுக்கு முன்னால் நின்றுவிட்டேன். நிறுத்தி இறங்கிவந்து பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். ஆரம்பிக்கும் முன்னால் மூன்று தரம் ஹாரன் அடித்ததாகவும், உள்ளே ஆள் இருந்தால் வராமலா இருப்பார்கள் என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். பாம்புக்காதுக்காரர் ஹாரன் கேட்டும் வராமல் இருப்பாரா? வேறு பக்கமாக வீட்டுக்குப் போயிருப்பார் என்று சொல்லிவிட்டு மெஷின்காரர் மறுபடி ஏறப் போனார்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு எல்லாம் ஒன்றாக வந்து முட்டியது. பால்காரர் வாசலில் நின்று கத்திவிட்டுப் போவது, உப்பு எடுங்கள் என்றால் ஆமாம் ஆமாம் என்பது, கூட்டத்தில் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பது. வயதானால் மனுஷனுக்குப் பிடிவாதம் வரும் என்று நினைத்து ஒரு வருஷமாக நான் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மெஷின்காரரிடம், அவருக்குக் காது கேக்காது என்று சொன்னேன். என் வாயால் அப்போதுதான் முதல் தடவை சொல்கிறேன். அவர் முகம் மாறிப்போயிற்று. சாவியைப் பிடுங்கி மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவரே எனக்கு முன்னால் உள்ளே இறங்கினார். பக்கத்துக் காட்டில் தட்டை கட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் ஓடிவந்தார்கள். கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை, கண்ணால்தான் பார்க்க வேண்டும், ஆளுக்கொரு உழவுச் சாலாகப் பிரிந்து நடந்தோம். காய்ந்த தோகை முகத்தில் அடிக்கிறது, எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி. நான் வேண்டாத சாமி இல்லை.

நடுக்காட்டில் அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கதிரை உதிர்த்து வேட்டி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம். மெஷின் அறுத்த இடத்துக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது கொஞ்ச தூரம்தான். எதிரே போய் நின்ற பிறகுதான் என்னைப் பார்த்தார். "என்ன, இப்படி மூச்சு வாங்குது உனக்கு?" என்று கேட்டார். எனக்குத் திட்ட வரவில்லை. அப்படியே பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் இங்கே வந்து உட்காருகிறீர்கள் என்று வாயை நன்றாகத் திறந்து கேட்டேன். கையில் இருந்த கதிரை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இங்க யாரும் பேச மாட்டாங்க. அதனால எனக்குக் கேக்கலைங்கறதும் தெரியாது." மெஷின்காரர் பக்கத்துச் சாலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருந்து மெதுவா வாங்க, அவசரமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். நரம்பு தளர்ந்துவிட்டதாம், கருவி வைத்தால் ஓரளவுக்குக் கேட்குமாம், பழையபடி ஆகாதாம். அதை மாட்டினால் பாத்திரச் சத்தம் மண்டைக்குள் இடிக்கிறது என்று கழற்றிக் கழற்றி வைக்கிறார், நான் மாட்டி மாட்டி விடுகிறேன், இப்படிப் போகிறது பொழுது. டீக்கடையில் மட்டும் என்னையே சொல்லிவிடச் சொன்னார், தனக்கு வாய் வராதாம். சொன்னேன். கடைக்காரர் அன்றிலிருந்து அப்பாவுக்கு நேரே முகம் பார்த்து உட்காரும்படி ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்.

முக்கியமானதை இனிமேல்தான் எழுதுகிறேன். நீ போன் பண்ணும்போதெல்லாம் சரி, சரி என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தள்ளிவிடுகிறாரே, நீ அவ்வளவு தூரம் போன கோபம் அப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை என்று நீயும் அழுதாயே, அதைப் பற்றி டாக்டர் வீட்டிலிருந்து வரும் வழியில் கேட்டேன். "சின்னவ குரல் போன்ல கொசு மாதிரி கேக்குது. நீ என்ன சொன்னேன்னு திருப்பிக் கேட்டா அவளுக்குத் தெரிஞ்சு போயிடும். அவ்வளவு தூரத்துல இருந்துட்டுக் கவலைப்படுவா" என்றார். கோபமெல்லாம் இல்லையம்மா. ஒரு நாளும் இருந்ததில்லை.

இதற்காக வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. அண்ணிக்குப் பிள்ளை பிறக்கும்போது வந்தால் போதும். அதுவரை அப்பாவுக்கு என்று தனியாகக் கடிதம் போடு, எழுத்தைப் பெரிதாகப் போடு, உன் கோழிக் கிறுக்கல் வேண்டாம். கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. நீ நினைத்தது நடக்கட்டும், நோய் நொடி அண்டாமல் நன்றாக இரு.

என்றும் உன் நினைவாக,
அம்மா

சின்னவளுக்கு, அம்மா எழுதியதைப் படித்தேன். கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருக்கிறாள், மெஷின் அவ்வளவு பக்கத்தில் இல்லை. நீ போனில் என்னென்ன கேட்டாய் என்று ஒவ்வொன்றாக எழுது. எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லியிருக்கிறேன். எதற்கெல்லாம் சொன்னேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். சொன்னது சொன்னதுதான், மாற்றமில்லை.
அப்பா